சுவரில் எழுதிய ஐந்து வரிகள்

அன்று காலையிலிருந்தே தூறல். லாரிக் கொட்டகையின் தகரக் கூரைமேல் யாரோ அரிசியைக் கொட்டிப் புடைப்பதுபோல் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. முனிரத்தினம் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்ப்ரே கன்னைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் கன்னின் உறுப்புகளைக் கழற்றிக் கழற்றி வைத்தார். காற்று வருகிற முன்மூடி, பெயிண்ட் வருகிற சின்னத் துளை, அந்தத் துளையைத் திறந்து மூடுகிற நீள ஊசி, கீழே தொங்குகிற பெயிண்ட் டப்பா. எதிரே ஒரு பேசினில் பெயிண்ட்டைக் கரைக்கிற தின்னர், முக்கால் அளவு. அதன் பித்தளை மூடியைப் புளி போட்டுத் தேய்த்துத் தனியாகச் சாய்த்து வைத்திருந்தார். முகம் பார்க்கலாம்போல் மின்னியது.

"பாருடா வாத்தியாரே, இன்னிக்கி இவளுக்குத்தான் கல்யாணம்" என்றார் என்னிடம், கன்னைத் தூக்கிக் காட்டி.

ஆயுத பூஜை நாள். கிருஷ்ணகிரியில் அன்று தச்சர், கொல்லர், மெக்கானிக், எல்லோரும் கருவிகளைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் கொட்டகையில் பொட்டு வாங்கப் போகிற முதல் கருவி அந்தக் கன்தான்.

கொட்டகை வேலையை ஏன் விட்டீர்கள் என்று இந்தத் தொடரைப் படிக்கிற இரண்டு வாசகர்கள் கேட்டு எழுதியிருந்தார்கள். இரண்டு வாரமாக வேறு எதையெதையோ எழுதித் தள்ளிப்போட்டேன். இனியும் தள்ளிப்போட எனக்கு வேறு சங்கதி இல்லை.

கன் வந்தது

கன் வருவதற்கு முன்னால் நாங்கள் பிரஷ்ஷால்தான் அடித்தோம். நான் பாரூரிலிருந்து வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். உப்புத்தாள் தேய்ப்பேன், பலகையில் எழுத்து எழுதுவேன். லாரிக்கு நிறம் அடிக்கிறவர் முனிரத்தினம் அண்ணன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். காவேரிப்பட்டினத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், பெங்களூர் டிரைவர்கள் வந்தால் கன்னடம். மூன்றிலும் கெட்ட வார்த்தை சரளமாக வரும். படிக்க மட்டும் எதிலும் வராது.

சேலம் ரோடும் பெங்களூர் ரோடும் சந்திக்கிற ஊர் என்பதால் லாரிகள் பெயிண்ட்டுக்குக் காத்து நின்றபடி இருந்தன. பிரஷ்ஷால் ஒரு லாரி முடிக்க எட்டு நாள் ஆனது. ஒருநாள் முதலாளி பெங்களூர் போய்க் காற்று அடைக்கிற மிஷினும் கன்னும் வாங்கி வந்துவிட்டார். கூடவே ஒரு மெக்கானிக்கும் வந்தார். ஆயில் என்ஜினைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தி, பெல்ட் மாட்டி, குழாய் இழுத்து, இரண்டு நாள் எங்களோடு இருந்தார்.

"ஒரு சாண் தூரம். கிட்டப் போனா வழியும், எட்டப் போனா தூளாப் பறக்கும். மணிக்கட்டை ஆட்டாதே. தோள்லேர்ந்து கையை இழு" என்று கன்னட வாடையடிக்கிற தமிழில் சொல்லிக்கொடுத்தார்.

முனிரத்தினம் அண்ணனுக்கு ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. பழைய தகரத்தின்மேல் அவர் முதலில் இழுத்த நீலம் இன்றும் கண்ணில் நிற்கிறது. எங்கும் திட்டு இல்லை, வழிசல் இல்லை. தகரம் தானாகவே நீலமாகப் பிறந்ததுபோல் இருந்தது. மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு, "இவனுக்கு நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லே" என்றார்.

கிளம்புகிற அன்று அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நான் போனேன்.

"நீ படிச்சிருக்கியா?"

"எட்டாவதுங்க."

"அப்போ நீ கேட்டுக்கோ. அவன் கை நல்ல கை. ஆனா அடிக்கிறது பாதி வேலை. கழுவறது மீதி."

பஸ் வர நேரமிருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். வேலை முடிந்த உடனே கழுவ வேண்டும், காயவிடக் கூடாது. துளை அடைத்தால் துடைப்பக் குச்சியால் குத்த வேண்டும், இரும்புக் கம்பி விட்டால் துளை கோணலாகிவிடும். கன்னை முழுசாகத் தின்னரில் முக்கி வைக்கக் கூடாது, உள்ளே இருக்கிற தோல் வாஷர் காய்ந்து சுருங்கிவிடும். வாயை வைத்து ஊதவே கூடாது. இப்படிப் பல.

கடைசியில் சொன்னதுதான் முக்கியம். "தின்னர் வாடை இருக்கே, அது புகை மாதிரி மேலே போகாது. தண்ணி மாதிரி தரையோட ஓடும். கண்ணுக்குத் தெரியாது. எங்கேயோ ஒரு நெருப்பு இருந்தா அதுவா தேடிப் போய்ப் பத்திக்கிட்டுத் திரும்பி வரும். அதனாலே கழுவின தின்னரை வெளியே வை, மூடி வை. கதவைத் திறந்து வை. இதை அவங்களுக்கு நீ தினமும் சொல்லணும். ஆச்சா?"

"சரிங்க" என்றேன்.

பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டேன். அந்த மனிதர் என்னிடம் விட்டுப்போன வேலை அது ஒன்றுதான்.

என் வாய்

என் வாயைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருவர் இருந்தால் எனக்குப் பேச்சு வரும். இருவர் இருந்தால் குறையும். நாலு பேர் நின்றால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

என் அப்பா பாரூர் ஏரிக்குக் கீழே ஒரு நிலக்காரரிடம் கூலியாக இருந்தார். ஒருமுறை கால்வாய்க் கரையில் எலி வளை ஒன்றிலிருந்து தண்ணீர் கசிவதைப் பார்த்துவிட்டு, சொல்வதற்காக ஓடினார். நிலக்காரர் நாலைந்து பேரோடு பேசிக்கொண்டிருந்தார். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேச்சு முடியட்டும் என்று தள்ளி நின்றார். பேச்சு முடிவதற்குள் கரை போய்விட்டது. நட்ட பயிர் போனது. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டு அடித்தார்கள். குறுக்கே பேசியிருந்தாலும் அடித்திருப்பார்கள். அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நின்ற மாதிரியே எனக்கும் நிற்க வரும் என்பதற்காகச் சொன்னேன்.

முனிரத்தினம் அண்ணன் ரோட்டுப் புழுதி ஈரப் பெயிண்ட்டில் ஒட்டும் என்று இரண்டு கதவையும் சாத்திக்கொண்டு அடிப்பார். மூக்கில் துணி கட்டமாட்டார். துளை அடைத்தால் உதட்டை வைத்து ஊதுவார். சாயங்காலம் எல்லோருக்கும் முதலாளி ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார். நெஞ்சில் படிந்த பெயிண்ட்டை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. நானும் தின்றேன்.

"இன்னிக்கி எந்தக் கலர் லாரின்னு கேக்காத ராஜம்மா, என் மூக்கைச் சிந்திப் பாருன்னு சொல்லிட்டேன்" என்று தன் மனைவியிடம் சொன்னதைச் சொல்லிச் சிரிப்பார். சொல்லும்போதே இருமுவார்.

நான் பக்கத்தில் போய் நிற்பேன்.

"அண்ணா..."

"என்னா வாத்தியாரே?"

"ஒண்ணுமில்லண்ணா."

எட்டாவது வரை படித்ததால் எனக்கு அந்தப் பட்டம். அவ்வளவு நல்ல கைக்காரரிடம் போய், கன்னை இப்படிக் கழுவுங்கள் என்று சொல்ல நான் யார்? இதே கேள்வி தினமும் வந்து நின்றது. ரசீது என் சட்டைப் பையிலேயே கசங்கியது.

எழுதினேன்

பேச வராதவனுக்கு எழுத வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத நேரத்தில், கொட்டகையின் உள்சுவரில் சுண்ணாம்பு அடித்து, கறுப்புப் பெயிண்ட்டால் பெரிய எழுத்தில் எழுதினேன்.

கன் அடிக்கும்போது கதவுகள் திறந்திருக்க வேண்டும்.
மூக்கில் துணி கட்ட வேண்டும்.
துளையில் கம்பி விடவோ, வாய் வைத்து ஊதவோ கூடாது.
கழுவிய தின்னரை வெளியே வைத்து மூடி போட வேண்டும்.
தின்னர் இருக்கும் இடத்தில் எந்த நெருப்பும் கூடாது.

என் வாழ்க்கையில் அதைவிட அழகாக நான் எதையும் எழுதியதில்லை.

மறுநாள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். லாரிக்கு மரவேலை செய்கிற ஆசாரி கோவிந்தனுக்கு அங்குலக்கோலில் இருக்கிற எண் மட்டும் தெரியும். முதலாளிக்குக் கன்னடம் படிக்க வரும், தமிழ் வராது. இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் எழுதினேன். எழுதிவிட்டால் சொன்னதாகிவிடும் என்று என் மனசு எனக்கே கணக்குக் காட்டிவிட்டது.

"என்னாடா எழுதியிருக்க?" என்றார் முனிரத்தினம் அண்ணன்.

நாலு பேர் என் முகத்தையே பார்த்தார்கள். "கன் கழுவற முறைண்ணா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எனக்கேவா மொறை?" என்று அவர் உரக்கச் சிரித்தார். கோவிந்தனும் சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அப்புறம் அவர் கிட்டப் போய் ஒரு எழுத்தை விரல் படாமல் காற்றிலேயே வரைந்து பார்த்தார். "தேரு மாதிரி இருக்குடா எழுத்து" என்றார்.

அதற்குமேல் நான் வாசித்துக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சுவருக்கு அவர் காவலாகிவிட்டார். யாராவது சாய்ந்தால் விரட்டுவார். கோவிந்தன் வெற்றிலை துப்பப் போனபோது, "எழுத்துடா அது, கண்ணு போயிரும்" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

இப்போது நான் ஓசூர்ப் பக்கம் புதிதாக வருகிற கம்பெனிகளுக்குப் பலகை எழுதிப் பிழைக்கிறேன். புகை பிடிக்காதே, அபாயம், கண்ணாடி அணிக என்று எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அங்கே நிற்கிறவர்களிடம் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். ஏணியை மடித்துக்கொண்டு வந்துவிடுவேன்.

கதவைச் சாத்துங்கப்பா

ஆயுத பூஜைக்குத் திரும்புகிறேன்.

வழக்கமாக வெளியே புளியமரத்தடியில்தான் கன்னைக் கழுவுவார். அன்று தூறல் என்பதால் உள்ளேயே கழுவினார். முடித்ததும் பேசினைக் காலில் படாமல் ஓரமாக நகர்த்தி வைத்தார். நான் எழுதிய சுவருக்கு நேர்கீழே. பித்தளை மூடியை எடுத்து மேலே போட்டார். அதை நான் பார்த்தேன்.

பலகை போட்டு, துணி விரித்து, கன்னையும் உளிகளையும் ஸ்பேனர்களையும் அடுக்கினோம். பொரி, கடலை, பூசணிக்காய். சந்தனம் வைக்கப் போன கோவிந்தனை அண்ணன் தடுத்தார்.

"டப்பா மூடியில வைக்காதய்யா, அங்க காத்து போற சின்னத் தொளை இருக்கு. அடைச்சா நாளைக்கி அவ மூச்சுத் திணறி எச்சி துப்புவா. கைப்பிடியில வை."

முதலாளி வந்தார். கற்பூரம் ஏற்றும் நேரத்தில்தான் தட்டு வரவில்லை என்று தெரிந்தது. வீட்டுக்கு ஆள் அனுப்பினால் நேரம் ஆகும்.

"பளபளன்னு ஒண்ணு இருக்கே" என்று கோவிந்தன் போய் எடுத்து வந்தார். பேசினின் மூடி. முனிரத்தினம் அண்ணன் அதை வாங்கி வேட்டி முனையால் ஒருமுறை துடைத்து, நடுவில் கற்பூரத்தை வைத்தார்.

காற்று அடித்தது. தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது.

"கதவைச் சாத்துங்கப்பா" என்றார் முதலாளி.

கதவு ஓரத்தில் நின்றவன் நான்தான். சாத்தியவனும் நான்தான். மூன்றாவது குச்சியில் கற்பூரம் பற்றிக்கொண்டது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கொட்டகைக்குள் யாரும் பீடி பற்றவைத்ததில்லை. பற்றவைத்தால் அண்ணனே பிடரியில் ஒன்று வைத்து வெளியே தள்ளுவார். தின்னருக்கு நெருப்பு ஆகாது என்பது அந்த அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் கற்பூரம் யாருக்கும் நெருப்பாகத் தோன்றவில்லை. அது சாமிக்கு உள்ளது.

எனக்கு மட்டும் தோன்றியது. கதவு சாத்தியதும் வாடை மூக்கில் ஏறியது. என் கண் அவர் கையிலிருந்த மூடிக்குப் போனது. அங்கிருந்து சுவரடியில் திறந்து கிடந்த பேசினுக்குப் போனது. மெக்கானிக் சொன்னது அத்தனையும் அவர் குரலிலேயே கேட்டது. பலகையிலிருந்து அந்தச் சுவர் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். முதலாளி கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். என் முன்னால் ஆறு பேர் நின்றார்கள். ஆறு முதுகுகள்.

"அண்ணா" என்றேன்.

கத்தவில்லை. கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். பிறகு என் பார்வை போன திசையில் சுவரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட ஆமாம்ல! எழுத்தை மறந்துட்டனே. இருடா, உன் எழுத்துக்கும் காட்டிடறேன்."

குங்குமத்தைத் தொட்டு, எரியும் கற்பூரத்தோடு சுவர்ப் பக்கம் நடந்தார். கடைசி வரியின் முதல் எழுத்துக்குப் பொட்டு வைத்தார். மூடியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

பெரிய மிருகம் ஒன்று மூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். தரையோடு தரையாக நீலமாக ஏதோ ஓடியது. அப்புறம்தான் மஞ்சள் வந்தது.

கதவைத் திறந்தது நான்தான் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. எல்லோரும் வெளியே விழுந்தோம். அவரும் வந்துவிட்டார். முன்கையில் மட்டும் சுட்டிருந்தது. வந்தவர் எங்களை எண்ணுவதுபோல் பார்த்துவிட்டு, "அய்யோ, அவ உள்ள இருக்காடா" என்று திரும்பி உள்ளே ஓடினார். பலகைத் துணி எரிந்துகொண்டிருந்தது. கன்னை இரண்டு கையாலும் வாரி எடுத்துக்கொண்டு வந்தார். மழைச் சேற்றில் அதை வைத்தபோது கையை அதிலிருந்து பிரிக்க முடியவில்லை.

பிறகு

கை இருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்பக்கமாக மடங்கி ஆறின. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் வாராவாரம் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ராஜம்மா அக்கா சாதம் பிசைந்து ஊட்டுவார். ஒருவர் மட்டும் இருந்தால் எனக்குப் பேச்சு வரும் என்று மேலே எழுதினேன். அக்கா தண்ணீர் பிடிக்கப் போகும்போது நானும் அவரும் மட்டும்தான் இருப்போம். அப்போதும் வரவில்லை.

கொட்டகையை மறுபடி கட்டினார்கள். கன்னைப் பிரித்துப் பார்த்தேன். தோல் வாஷர் கருகியிருந்தது, மற்றபடி பழுதில்லை. "இனிமே நீதான் அடிக்கணும்" என்றார் முதலாளி. அடித்தேன். கதவைத் திறந்து வைத்து அடித்தேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டேன். குச்சியால் குத்தி, புளியமரத்தடியில் கழுவி, மூடி போட்டு வைத்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். அவர் நின்ற இடத்தில் நின்று செய்தேன்.

பொங்கல் கழிந்து ஒருநாள் அவர் வந்தார். நான் கொட்டகையில் கடைசியாக வேலை பார்த்தது அன்றுதான். தோளில் துண்டு, அதற்குள் இரண்டு கையும்.

"என்னா வாத்தியாரே, கோடு நேரா வருதா?"

"வருதுண்ணா."

லாரியின் பக்கவாட்டில் கன்னத்தை ஒட்டி வைத்து, கோட்டின் நீளத்துக்குப் பார்த்தார். "வரல. மணிக்கட்டை ஆட்டற" என்றார். சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

சுவர் முழுதும் கரி. என் எழுத்து கொப்பளித்து அங்கங்கே உரிந்திருந்தாலும் படிக்க முடிந்தது. அதன்முன் போய் நின்றார்.

"ராஜம்மா குறி கேட்டுட்டு வந்தா. பூசையில கொறையாம், செவுத்துச் சாமிக்குக் கோவமாம். நானும் படுத்துக்கிட்டு இதையேதான்டா நெனச்சிட்டிருந்தேன். என்னா கொறை வச்சேன்? படி, கேக்கலாம். என்னதான் எழுதியிருக்க?"

கொட்டகையில் அப்போது வேறு யாரும் இல்லை. படித்தேன். ஒவ்வொரு வரியாக, முதலிலிருந்து. கதவு. துணி. வாய். தின்னர். நெருப்பு.

என்ஜின் ஓடவில்லை. ரோட்டில் ஒரு லாரி போனது.

"இவ்ளோவும் இங்கயேவா இருந்திச்சி?" என்றார்.

"ஆமாண்ணா."

"நாலாவதை இன்னொரு வாட்டி படி."

"கழுவிய தின்னரை வெளியே வைத்து மூடி போட வேண்டும்."

துண்டுக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தார். மடங்கிய அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடி என் கையிலதான்டா இருந்திச்சி" என்றார்.

என்னைத் திட்டியிருக்கலாம். மூன்று பாஷையிலும் அவருக்கு வார்த்தை உண்டு. கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரை போனேன். காவேரிப்பட்டினம் பஸ் வந்தது. கம்பியைப் பிடிக்க அவரால் முடியவில்லை. பின்னாலிருந்து முழங்கையைத் தாங்கி ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பஸ் நகரும் வரை தலையை வெளியே நீட்டிக்கொண்டே இருந்தார்.